சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த இளஞ்சிவப்பு: பூ நிறத்தின் மரபுக் கணக்கைப் படிப்படியாகப் போடுவோம்

ஒரு கிண்ணத்தில் சிவப்புப் பெயின்டையும் வெள்ளைப் பெயின்டையும் ஊற்றிக் கலக்கினால் இளஞ்சிவப்பு வரும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் அந்தக் கிண்ணத்திலிருந்து பழைய சிவப்பையும் பழைய வெள்ளையையும் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் சில பூச்செடிகளில் எடுக்கலாம். சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் இணைத்தால், பிறக்கும் செடிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. அந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தங்களுக்குள்ளேயே இணைத்தால், அடுத்த தலைமுறையில் பாட்டியின் சிவப்பும் தாத்தாவின் வெள்ளையும் கொஞ்சம்கூட வெளுக்காமல், கறைபடாமல் திரும்பி வருகின்றன.

இதற்குப் பாடப்புத்தகப் பெயர் முழுமையற்ற ஓங்குத்தன்மை. பெயர்தான் பெரிது. கணக்கு, இரண்டு காசுகளைச் சுண்டத் தெரிந்தவர் போடும் கணக்குதான். ஒரு தாள், ஒரு பேனா, ஒரே மாதிரியான இரண்டு காசுகள், ஒட்டுவதற்குச் சிவப்பு, வெள்ளைத் தாள் துண்டுகள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே செய்தால்தான் புரியும். வெறுமனே படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

படி 1: மூன்று சொற்கள் மட்டும்

செடியின் ஒவ்வொரு பண்புக்கும் பின்னால் மரபணு இருக்கிறது. பூவில் நிறமி உண்டாவதற்கும் மரபணு உண்டு. ஒரே மரபணு இரண்டு மூன்று வடிவங்களில் இருக்கலாம். அந்த வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். நம் கதையில் ஒரு வடிவம் சிவப்பு நிறமியை உண்டாக்க உதவுகிறது, இன்னொன்று அந்த வேலையைச் செய்வதில்லை.

ஒவ்வொரு செடியும் ஒரு மரபணுவுக்கு இரண்டு அல்லீல்களை வைத்திருக்கிறது. ஒன்று மகரந்தம் வழியாக வந்தது, இன்னொன்று சூல் வழியாக வந்தது. உள்ளே இருக்கும் இந்த ஜோடிக்கு ஜீனாக்கம் என்று பெயர். வெளியே கண்ணுக்குத் தெரியும் நிறம் புறத்தோற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

படி 2: எழுத்துக் குறியீடு

சிவப்பு அல்லீலுக்கு ‘சி’, வெள்ளை அல்லீலுக்கு ‘வெ’ என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ஓங்கு பண்புக்கு (மற்றதை மறைத்து வெளியே தெரிவது) பெரிய எழுத்து, ஒடுங்கு பண்புக்கு (மறைந்துபோவது) அதே எழுத்தின் சிறிய வடிவம் என்ற பழக்கம் இருக்கும். இங்கே அது சரிப்படாது, ஏனென்றால் இரண்டில் எதுவும் மற்றதை முழுதாக அமுக்குவதில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாதது இந்த ஓரிடத்தில் நமக்கு வசதியாகவே அமைந்துவிட்டது.

ஆக மூன்று ஜோடிகள்தான் சாத்தியம்:

சிசி: சிவப்புப் பூ
சிவெ: இளஞ்சிவப்புப் பூ
வெவெ: வெள்ளைப் பூ

இதில் ஒரு சௌகரியம் கவனித்தீர்களா? ஓங்குத்தன்மை முழுமையாக உள்ள பட்டாணியில், ஊதாப் பூவைப் பார்த்து அதன் ஜீனாக்கத்தைச் சொல்ல முடியாது. உள்ளே வெள்ளை அல்லீல் ஒளிந்திருக்கலாம். இங்கே ஒளிவுமறைவு இல்லை. பூவைப் பார்த்தாலே ஜோடி தெரிந்துவிடும்.

படி 3: முதல் தலைமுறை

சிசி செடியையும் வெவெ செடியையும் இணைக்கிறோம். மகரந்தமோ சூலோ உருவாகும்போது ஜோடி பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அல்லீல்தான் போகும். சிசி செடி கொடுக்கக்கூடியது சி மட்டுமே. வெவெ செடி கொடுக்கக்கூடியது வெ மட்டுமே. இரண்டும் சேர்ந்தால் சிவெ. வேறு வழியே இல்லை. அதனால் முதல் தலைமுறை மொத்தமும் இளஞ்சிவப்பு. நூறு செடி வளர்த்தாலும் நூறும் அப்படித்தான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பெயின்ட் கதைதான் சரி என்று தோன்றும். பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டலுக்கு முந்தைய காலத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள்: பெற்றோரின் பண்புகள் பிள்ளையில் கலந்து கரைந்துவிடும் என்று. டார்வினுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. புதிதாக முளைக்கும் ஒரு நல்ல பண்பு ஒவ்வொரு கலப்பிலும் பாதியாகிக் கரைந்து காணாமல் போய்விடுமே, பிறகு இயற்கைத் தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று 1867-இல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் ஒரு விமர்சனத்தில் மடக்கினார். அதற்கு ஓராண்டு முன்பே, 1866-இல், மெண்டலின் பட்டாணிக் கட்டுரை அச்சாகிவிட்டது. விடை அதில் இருந்தது. கவனித்தவர்தான் அநேகமாக யாரும் இல்லை.

படி 4: இரண்டாம் தலைமுறை, கட்டம் போட்டு

இப்போது இரண்டு இளஞ்சிவப்புச் செடிகளை இணைப்போம்: சிவெ, சிவெ. ஒவ்வொரு செடியின் மகரந்தத்திலும் பாதித் துகள்கள் சி-யைச் சுமக்கும், பாதித் துகள்கள் வெ-யைச் சுமக்கும். சூல்களிலும் அப்படியே. இளஞ்சிவப்புக்கென்று ஒரு அல்லீல் கிடையாது. அதனால் இளஞ்சிவப்பைச் சுமக்கும் மகரந்தத் துகள் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

தாளில் ஒரு கட்டம் வரையுங்கள். மேலே மகரந்தம், பக்கவாட்டில் சூல். ரெஜினால்ட் புன்னட் என்ற ஆங்கிலேய மரபியலாளர் பெயரால் இதைப் புன்னட் கட்டம் என்பார்கள்.

| | மகரந்தம்: சி | மகரந்தம்: வெ |
|---|---|---|
| சூல்: சி | சிசி (சிவப்பு) | சிவெ (இளஞ்சிவப்பு) |
| சூல்: வெ | சிவெ (இளஞ்சிவப்பு) | வெவெ (வெள்ளை) |

நான்கு கட்டங்களில் ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. அதாவது 1:2:1. ஜீனாக்கத்தின் விகிதமும் 1:2:1, கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் விகிதமும் 1:2:1.

மெண்டலின் பட்டாணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊதா, வெள்ளைப் பூக்களின் கலப்பில் இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணியது 705 ஊதா, 224 வெள்ளை. ஏறக்குறைய 3:1. அங்கேயும் உள்ளே நடந்தது 1:2:1 பிரிவுதான். நடுவில் உள்ள 2, ஊதா வேஷம் போட்டுக்கொண்டு முதல் 1-உடன் சேர்ந்துகொண்டதால் 3 ஆகிவிட்டது. நம் இளஞ்சிவப்புச் செடிகள் வேஷம் போடுவதில்லை, அவ்வளவே வித்தியாசம். முழுமையற்ற ஓங்குத்தன்மை மெண்டலின் விதியை உடைத்துவிட்டது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். உடைந்தது ‘ஒன்று மற்றதை முழுதாக மறைக்கும்’ என்ற பகுதி மட்டும். ஜோடி பிரிந்து தனித்தனியாகப் போகும் என்ற அடிப்படை விதியை இது உடைக்கவில்லை. கண்ணால் பார்க்கும்படி நிரூபிக்கிறது.

1900-இல் மெண்டலின் முடிவுகளைப் புதைகுழியிலிருந்து மீட்ட மூவரில் ஒருவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ். அந்திமந்தாரைச் செடியில் இந்த இடைநிலை நிறத்தைக் காட்டியவர் அவர்தான். அதே செடியின் இலைகளை வைத்து, தாய் வழியாக மட்டுமே கடத்தப்படும் பண்பு ஒன்றையும் 1909-இல் அவர் காட்டினார். ஒரு செடியிலிருந்து இரண்டு பாடம்!

படி 5: காசு சுண்டுங்கள்

கட்டம் சொல்வது வாய்ப்பை மட்டும். நிஜத்தில் என்ன வரும் என்று பார்க்க, இரண்டு காசுகளிலும் ஒரு பக்கம் சிவப்புத் தாள், மறுபக்கம் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒரு காசு மகரந்தம், இன்னொன்று சூல். இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். இரண்டும் சிவப்பானால் ஒரு சிவப்புச் செடி. இரண்டும் வெள்ளையானால் வெள்ளைச் செடி. ஒன்று சிவப்பு ஒன்று வெள்ளை என்றால் இளஞ்சிவப்பு. 40 முறை சுண்டி, கோடு போட்டு எண்ணுங்கள்.

எதிர்பார்ப்பு 10, 20, 10. உங்களுக்கு 8 சிவப்பு, 23 இளஞ்சிவப்பு, 9 வெள்ளை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தப்பாகிவிட்டதா? இல்லை. இந்த அளவு விலகல் தற்செயலாக வருமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு, கை-வர்க்கச் சோதனை (chi-square) என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் வந்த எண்ணிக்கையிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்ததால் வகுக்க வேண்டும். சிவப்புக்கு 2-இன் வர்க்கம் 4, வகுத்தல் 10, அதாவது 0.4. இளஞ்சிவப்புக்கு 9 வகுத்தல் 20, அதாவது 0.45. வெள்ளைக்கு 1 வகுத்தல் 10, அதாவது 0.1. கூட்டினால் 0.95. மூன்று வகைகள் உள்ள இந்தக் கணக்கில், வழக்கமான 5 சதவீத அளவுகோலின்படி எல்லை 5.99. அதைத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். நாம் வெகு கீழே இருக்கிறோம்.

நான்கே நான்கு முறை சுண்டிவிட்டு 1:2:1 வரவில்லையே என்று முகம் வாடுபவர்கள்தான் அதிகம். நான்கு விதை போட்டால் நான்கும் இளஞ்சிவப்பாக வர 16-இல் 1 வாய்ப்பு இருக்கிறது. அது ஒன்றும் அதிசயம் இல்லை.

படி 6: ஏன் நடுத்தர நிறம்?

‘வெ’ அல்லீல் வெள்ளை நிறத்தைத் தயாரிப்பதாக நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் வேலை செய்யாத வடிவம். நிறமி தயாராவதற்கு நொதிகள் வேண்டும். அந்த நொதியை உண்டாக்கும் செய்முறைக் குறிப்புதான் ‘சி’. இரண்டு குறிப்பு இருந்தால் நிறைய நொதி, நிறைய நிறமி, அடர் சிவப்பு. ஒன்று இருந்தால் குறைவான நொதி, குறைவான நிறமி. கண்ணுக்கு அது வெளிர்ந்த சிவப்பு. ஒன்றுமே இல்லாவிட்டால் நிறமியே இல்லை; பூவுக்குள் உள்ள காற்றிடைவெளிகளில் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது.

அப்படியானால் பட்டாணியில் மட்டும் ஒரு குறிப்பே ஏன் போதுமானதாக இருக்கிறது? அங்கே ஒரு பிரதி கொடுப்பதே தேவைக்கு மேல். இரண்டு குழாயில் தண்ணீர் விட்டால் தொட்டி நிரம்பும். ஒரு குழாயிலேயே நிரம்பிவிடும் என்றால் இரண்டாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்படி இளஞ்சிவப்பு வரும் ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடி, அந்திமந்தாரை ஆகியவற்றின் கதையில் ஒரு குழாய்க்குத் தொட்டி பாதிதான் நிரம்புகிறது.

ஆகவே ஓங்குத்தன்மை என்பது அல்லீலின் பிறவிக் குணம் இல்லை. எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மறுபடியும் மெண்டலின் பட்டாணிதான். உருண்டை விதை ஓங்கு, சுருங்கிய விதை ஒடுங்கு என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி உள்ள கலப்பு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அசல் உருண்டை. அதையே சீவி நுண்ணோக்கியில் ஸ்டார்ச் மணிகளைப் பார்த்தால், அவை இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும். கண்ணுக்கு முழு ஓங்குத்தன்மை, நுண்ணோக்கிக்கு முழுமையற்ற ஓங்குத்தன்மை. விதை ஒன்றுதான்!

படி 7: விடுகதைகள்

மற்ற கலப்புகளை நீங்களே கட்டம் போடுங்கள். சிவப்போடு இளஞ்சிவப்பு: பாதி சிவப்பு, பாதி இளஞ்சிவப்பு, வெள்ளை வரவே வராது. வெள்ளையோடு இளஞ்சிவப்பு: பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு.

இப்போது தலைகீழாக. ஒரு பாத்தியில் 60 செடிகள். 31 சிவப்பு, 29 இளஞ்சிவப்பு, வெள்ளை ஒன்றுகூட இல்லை. பெற்றோர் யார்? இளஞ்சிவப்பு இருப்பதால் வெ எங்கிருந்தோ வந்திருக்கிறது. வெள்ளை இல்லாததால் இரண்டு பெற்றோரிடமும் வெ இருந்திருக்க முடியாது. ஒருவர் சிசி, மற்றவர் சிவெ. இப்படி, இல்லாத நிறத்திலிருந்து யோசிக்கப் பழகினால் தேர்வுக் கேள்விகள் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 8: நிஜச் செடியில் செய்ய விரும்பினால்

அந்திமந்தாரை தொடக்கக்காரர்களுக்கு நல்ல செடி. அதில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் அல்லி இதழே இல்லை, நிறம் ஏறிய புல்லி வட்டம். மாலையில் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடும். வாடும்போது மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் ஒன்றாகச் சுருண்டு தன் மகரந்தச் சேர்க்கையை நடத்திவிடும். நம் வேலையெல்லாம் அதற்கு முன்னால் முடிய வேண்டும்.

அன்று மாலை விரியப்போகும் மொட்டை மதியமே தேர்ந்தெடுங்கள். முனையை மெதுவாகப் பிரித்து, உள்ளே உள்ள மகரந்தப் பைகளைச் சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பொதுவாக 5 இருக்கும். ஒன்றை விட்டாலும் எல்லாம் வீண். மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடியில் இடுக்கி படக்கூடாது. பிறகு மெல்லிய காகித உறையால் மூடி, ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மாலையில் மற்ற நிறப் பூ விரிந்ததும் அதன் மகரந்தப் பையை எடுத்து, உறையைத் திறந்து, சூலகமுடியில் தொட்டுத் தடவுங்கள். மறுபடி மூடுங்கள். எந்தச் செடியோடு எந்தச் செடி, என்ன தேதி என்று அப்போதே எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட அட்டை, வெறும் அட்டைதான்.

ஒரு பூவுக்கு ஒரே விதை. கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆகவே 40 செடி வேண்டுமென்றால் குறைந்தது 40 பூக்களில் இந்த வேலையைச் செய்ய வேண்டும். இரண்டாம் தலைமுறைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இளஞ்சிவப்புச் செடியின் பூக்களை விரியும் முன் உறையால் மூடிவிட்டால் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். விதையும் கிழங்கும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கையில் கிடைக்கும் விதைகள் தூய வழியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்திமந்தாரையில் மஞ்சளும் உண்டு, ஒரே பூவில் கோடும் தெளிப்புமாக வருவதும் உண்டு. முதலில் சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனியே இரண்டு மூன்று தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, பிள்ளைகள் எல்லாம் தாயைப் போலவே பூக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் கலப்பு.

அடிக்கடி வரும் குழப்பங்கள்

சிவப்பு, வெள்ளைத் திட்டுகள் தனித்தனியாகத் தெரியும் பூவை முழுமையற்ற ஓங்குத்தன்மைக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். இங்கே பூ முழுதும் ஒரே சீரான நடுநிறம். இரண்டு பண்புகளும் தனித்தனியே முழுதாக வெளிப்பட்டால் அதற்கு இணை ஓங்குத்தன்மை என்று பெயர். மனிதரின் ஏபி ரத்த வகை அதற்குத் தெளிவான உதாரணம். திட்டும் தெளிப்பும் உள்ள பூக்களில் பல இந்த இரண்டிலும் சேராது. ஸ்நாப்டிராகனில் மரபணுவுக்குள் புகுந்து வெளியேறும் தாவும் மரபணுக்கள் அப்படிப்பட்ட புள்ளிகளைப் போடுகின்றன.

நிறம் மாறினாலே மரபு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரேஞ்சியாவின் சில ரகங்கள் அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகவும், அமிலம் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். அங்கே அல்லீல் எதுவும் மாறவில்லை.

கடைசியாக, இளஞ்சிவப்பைக் காப்பாற்றுவது எப்படி?

இளஞ்சிவப்புப் பூ அழகாக இருக்கிறதே என்று விதை எடுத்து விதைத்துவிட்டு, பாதிச் செடிகள் ‘ஏமாற்றிவிட்டன’ என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. ஏமாற்று இல்லை, கணக்கு அப்படி. இளஞ்சிவப்பு தன் மகரந்தச் சேர்க்கையில் பாதியைத்தான் இளஞ்சிவப்பாகக் கொடுக்கும். சிவப்பும் வெள்ளையும் தங்கள் நிறத்தையே கொடுக்கும். அப்படியே விட்டால் இளஞ்சிவப்பின் பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும்: 50 சதவீதம், 25, 12.5, 6.25. மெண்டலே தன் 1866 கட்டுரையில் இந்தத் தேய்வைக் கணக்கிட்டிருக்கிறார்.

வேண்டுமென்றால் அதே இளஞ்சிவப்புச் செடியின் கிழங்கை எடுத்து நடுங்கள். அது விதை இல்லை, அதே செடியின் தொடர்ச்சி, நிறம் மாறாது. அல்லது ஒரு தொட்டியில் தூய சிவப்பையும் இன்னொரு தொட்டியில் தூய வெள்ளையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பருவத்திலும் இரண்டையும் புதிதாக இணைத்துக்கொள்ளுங்கள். அந்த விதைகள் மட்டும் நூற்றுக்கு நூறு இளஞ்சிவப்பு.